பெரியவருக்கு எந்த எழுத்து

6 அக்டோபர் 2005, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும் போல மூடிக்கொண்டு வராமலே போனது. பஸ்ஸில் இடம் இல்லை. கூனிமேடு வரை நின்றபடி. முன்னால் நின்ற அம்மாவின் கூடையில் கருவாடு. ஆபீஸ் போகும்போது புடவை பூராவும் அந்த வாசனை.

இன்றைய வேலை: அடுத்த வாரத்துக்கு பிளான் தயாரிப்பது, விமானம் கிளம்புமுன் டவருக்குப் போகிற படிவம். மேலிருந்து கடற்கரைப் படம் எடுக்கிற வேலை இன்னும் பாக்கி. பாண்டியிலிருந்து கிளம்பி, கரையோரமாகவே பழவேற்காடு வரை போய்த் திரும்ப வேண்டும்.

சென்னை ஆபீஸிலிருந்து மேனேஜர் போன். "போன தடவ போட்டதையே எடுத்து தேதிய மாத்திடும்மா. அவ்ளோதான வேலை."

அவ்வளவுதான் வேலை. இதற்கு நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தேன்.

மதியம் இன்ஜினியர் பால்ராஜ் சார் வந்து, "பெரியவருக்கு ஏ.டி.எஃப். ஊசி ஆடுதும்மா" என்றார். ஏதோ வீட்டுப் பெரியவருக்குக் கை நடுங்குகிறது என்பது போல. பெரியவர் என்றால் கம்பெனியின் ஒரே விமானம். ரெட்டை எஞ்சின். என்னைவிட வயதில் மூத்தது. உள்ளே இருக்கும் பெட்டிகளும் அப்படித்தான்.

ஏ.டி.எஃப். என்பது திசை காட்டும் ஊசி. தரையில் ஒரு ரேடியோ பீக்கன் இருக்கும், அது எந்தப் பக்கம் என்று இந்த ஊசி காட்டும். எங்கள் பாண்டி விமானத் தளத்தில் இருப்பது அந்த பீக்கன் ஒன்றுதான். மேகத்துக்குள் மாட்டினால் வீட்டுக்கு வழி சொல்ல வேறு நாதி இல்லை.

பிளானில் பத்தாவது கட்டம். விமானத்தில் என்னென்ன கருவி இருக்கிறது என்று எழுத்தால் சொல்ல வேண்டும். இதுவரை பெரியவருக்கு ஒரே எழுத்துதான்: S. எனக்கு முன்னால் வேலை பார்த்தவரும் S. நானும் யோசிக்காமல் S. S என்றால் வழக்கமான நான்கும் உண்டு, நான்கும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த நான்கில் ஊசியும் ஒன்று.

பாப்பாவுக்கு கிரயான் வாங்க மறந்துவிட்டேன். இரண்டாவது நாளாக. வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டம்.

7 அக்டோபர், வெள்ளி

வெயில். கேப்டனும் பால்ராஜ் சாரும் விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்று சண்டை. கேப்டனுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். நல்ல மனிதர். வாய்தான் சரியில்லை.

"தரையில நல்லாத்தான் இருக்கு கேப்டன். திருப்பித் திருப்பி செக் பண்ணிட்டேன்."

"தரையில நான் ஏன்யா ஊசிய பாக்கப் போறேன்? மேல போனா மழை எங்க இருக்குதோ அந்தப் பக்கம் திரும்பிக்குது. மின்னல் வெட்டுனா அங்க ஓடுது. இவன் மழைய காட்டுவான்யா, ஊரைக் காட்ட மாட்டான்."

"இடி மழைன்னா எல்லா ஊசியும் அப்படித்தான் கேப்டன். இது பழசு, கொஞ்சம் கூடவே ஆடுது. பார்ட் கேட்டு எழுதிப் போட்டிருக்குது."

"எப்ப வரும்?"

பால்ராஜ் சார் வானத்தைப் பார்த்தார்.

நான் நடுவில் போய்க் கேட்டேன். "சார், அது வேலை செய்யுதா, இல்லியா? எனக்கு ஒரு எழுத்து போடணும்."

"தரையில செய்யுது" என்றார் பால்ராஜ் சார்.

"மேல செய்யல" என்றார் கேப்டன்.

தரைக்கு ஓர் எழுத்து, மேலுக்கு ஓர் எழுத்து என்று கட்டத்தில் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தது:

V - ரேடியோ. உண்டு. தொண்டை கட்டின மாதிரி பேசும்.

O - வி.ஓ.ஆர்., திசை சொல்லும் இன்னொரு ரேடியோ. உண்டு. உயரத்தில் இருந்தால் சென்னை சிக்னல் கிடைக்கும். தாழ வந்தால் போய்விடும்.

L - தரை இறங்க உதவும் பெட்டி. உண்டு. அதற்குப் பதில் சொல்லும் கருவி எங்கள் தளத்தில் இல்லை. இருந்தும் பிரயோஜனம் இல்லை.

D - தூரம் சொல்வது. செத்து நாளாகிறது. யாரும் அழவில்லை.

G - ஜி.பி.எஸ். விமானத்தில் பொருத்தியது கிடையாது. எம்.டி.யிடம் கையடக்கமாக ஒன்று உண்டு, அதைத் தன் காரில் ஒட்டி வைத்திருக்கிறார். அதை எழுத முடியாது.

F - ஊசி. ???

F இல்லை என்றால் S போடக் கூடாது. O, V, L என்று பிரித்துத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் மேகத்துக்குள் போகிற பிளான் கொடுக்க முடியாது. கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டே பறக்கிற பிளான் மட்டும். மேகம் இருந்தால் கிளம்பவே கூடாது. புரட்டாசி முடிந்து ஐப்பசி வரப்போகிறது. இந்தக் கரையில் ஐப்பசியில் மேகம் இல்லாத நாளுக்கு எங்கே போவது?

ஆக, S போட்டால் வேலை நடக்கும். போடாவிட்டால் மழைக்காலம் முடியும்வரை பெரியவர் கொட்டகையில்.

பின்சீட்டில் கேமராவோடு உட்காருவது இவர், என் வீட்டுக்காரர். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

9 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போனோம். சாமியார் பிரசங்கம் நீளம். பாப்பா தூங்கிவிட்டாள், எனக்கும் தூக்கம். வந்து வஞ்சிரம் குழம்பு. உப்பு கூடிவிட்டது. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இது ஒரு கேவலம்.

சாப்பிட்டுவிட்டு நானும் இவரும் சண்டை.

மரக்காணத்தில் இவருக்கு ஸ்டுடியோ இருந்தது. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ், செத்தவர்களுக்கு மாலை போட்ட படம். பழைய கேமராக்காரர் வேலையை விட்டுப் போனபோது கேப்டனிடம் இவரைப் பற்றிச் சொன்னது நான்தான். இப்போது அருள் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விமானத்தின் வயிற்றில் ஒரு ஓட்டை, அதன் வழியே கேமராவை நீட்டி ஊரையே படம் எடுக்கிறவர். டீக்கடையில் இவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர்.

"S போட்டா என்ன? இத்தினி நாளா போட்டவதான நீ" என்றார்.

"இத்தினி நாளா ஊசி ஒழுங்கா இருந்துச்சுங்க."

"கேப்டனே பயப்படல. நீ ஏன் பயப்படுற?"

"கேப்டன் பொண்டாட்டி உக்காந்து பிளான் எழுதல."

சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்தால் எனக்கு வாதம் செய்ய வராது. "எல்லா ஆம்பளையும் பஸ்ல போறான் வர்றான். பிரேக் இருக்குதான்னு எவ பொண்டாட்டியாவது கேக்குறாளா?"

கேட்க வழி இருந்தால் கேட்பார்கள் என்ற பதில் பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது. அதற்குள் இவர் தூங்கிப்போயிருந்தார்.

ஒரே ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் இவரைத் தரையில் உட்கார வைத்துவிடலாம். இவருக்கும் அது தெரியும். அதனால்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். பறக்காத நாட்களில் இவர் வீட்டுக்குள் நடக்கிற நடையே வேறு. நான் பயந்தேன் என்பதற்காக அதைப் பிடுங்கலாமா? பயந்தது நிஜம். வேறு காரணம் தேடி என்ன பயன்.

11 அக்டோபர், செவ்வாய். ஆயுத பூஜை.

வாழைக்கன்று, பொரி, சுண்டல். பெரியவரின் மூக்கில் சந்தனம், இரண்டு விசிறிக்கும் மாலை. எம்.டி. குடும்பத்தோடு வந்தார். பூசணிக்காய் உடைத்தது கேப்டன். உடைத்துவிட்டு, "கண்ணெல்லாம் போச்சு, இனி கருவிதான் பாக்கி" என்றார். எம்.டி.க்குப் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

பால்ராஜ் சார் உள்ளே ஏறி ஒவ்வொரு மீட்டருக்கும் குங்குமம் வைத்தார். ஊசி ஆடுகிற ஏ.டி.எஃப்.க்கும் வைத்தார். செத்துப்போன தூரப் பெட்டிக்கும் வைத்தார். நான் கேட்டதற்கு, "அதுவும் ஆயுதந்தாம்மா. அதும்பாட்டுக்கு இருக்குது, பாவம்" என்றார்.

பொரி இன்னும் பையில். பாப்பா எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வீடு பூராவும் இறைத்திருக்கிறாள்.

13 அக்டோபர், வியாழன்

நேற்று விடுமுறை. இன்று வானம் பளிச்சென்று. பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது.

நாளைக்குப் பறக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு. பிளான் எழுதினேன். பத்தாவது கட்டத்தில் O V L. F இல்லை, S இல்லை. கண்ணால் பார்த்துப் பறக்கும் பிளான். சென்னைக்கு ஃபேக்ஸ் அனுப்புமுன் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பாக இருக்கிறது, மூன்று எழுத்துக்கு.

உடனே மேனேஜர் போன்.

"என்னம்மா, புதுசா ஏதோ போட்டிருக்க?"

"ஏ.டி.எஃப். சரியில்ல சார். S போட முடியாது."

"சரியில்லன்னு இன்ஜினியர் எழுதிக் குடுத்தாரா?"

"தரையில சரியா இருக்குன்னாரு."

"அப்புறம் என்ன?"

"மேல சரியில்லன்னு கேப்டன் சொன்னாரு."

"கேப்டன் எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல சார், வாயால சொன்னாரு."

"யாருமே எழுதிக் குடுக்கல. நீ மட்டும் எழுதுற." பக்கத்தில் யாரோ காபி கேட்டார்கள். பிறகு, "சரி, வந்துடுச்சு. பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கேப்டனிடம் போய்ச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. மேகம் வந்தா நான் கெளம்ப மாட்டேன்" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட் வேறு.

வீட்டில் சொன்னேன். இவர் எழுந்து போனார். சட்டையைத் தானே அயர்ன் செய்துகொண்டார்.

நாளை லீவு. பாப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

14 அக்டோபர், வெள்ளி

முதல் பஸ்ஸுக்கு இவர் போய்விட்டார். நல்ல வெயில். டாக்டரிடம் கூட்டம். ஊசி வேண்டாம் என்று பாப்பா ஊரைக் கூட்டினாள். மருந்து, மாத்திரை, ஒரு பன்.

திரும்பி வரும்போதே உப்பளத்தில் பரபரப்பு. மேற்கே, பெருமுக்கல் மலைப் பக்கம், கறுத்துக்கொண்டு வந்தது. குவித்து வைத்த உப்பையெல்லாம் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள், ஆண்களும் பெண்களும் ஓட்டமும் நடையுமாக. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ரோடு ஓரத்துக் குவியல்கள் அத்தனையும் தெரியும். நான் சமையல் ஆரம்பித்தபோது கடைசிக் குவியலும் மூடியாகிவிட்டது.

கிளம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆபீஸுக்கு போன் போட்டால் பால்ராஜ் சார், "காலையிலயே போயிட்டாங்களேம்மா" என்றார். காலையில் வெயில்தானே. திரும்பி வரும்போது மழை இருந்தால் சென்னையிலேயே இறங்கிக்கொள்வார்கள். கண்ணால் பார்த்துப் பறக்கிற பிளான். மேகத்துக்குள் வர அனுமதி இல்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே சோறு வடித்தேன்.

பாப்பா தூங்கின பிறகு அந்தச் சத்தம்.

பெரியவரின் இடது எஞ்சினில் ஒரு கரகரப்பு உண்டு. வேறு எதிலும் அது கிடையாது. வாசலுக்கு ஓடினேன். வானம் முழுக்க ஈயம் பூசின மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. வடக்கே இருந்து சத்தம் வந்தது, தலைக்கு மேலே போனது, தெற்கே போனது. அதுவரை சரி. வீட்டுக்குப் போகிற வழி அதுதான்.

திரும்பி வந்தது.

மறுபடி போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை கழுவெளி ஏரிப் பக்கமாக. அப்புறம் தாழ. வீட்டு ஓடு அதிர்ந்தது. உப்பளத்து அஞ்சலை ஓலைக்கட்டைத் தலையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு போற பிளேனா? ஏன் இங்கயே சுத்துது?"

உள்ளே வந்து போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுத்தால்தான் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் தலைக்கு மேலே இருக்கிறார்கள் என்றா? மேலே இருக்கிறவருக்கு அதைச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கையைத் தூக்கிக் காட்டினால் தெரியுமா? ஓடிப்போய் வெள்ளை வேட்டி எதையாவது விரித்து வைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பைத்தியக்காரி.

சத்தம் கிழக்கே போனது. கடல் பக்கம். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, சத்தம் இல்லை.

பாப்பா நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன். குழம்பு தீய்ந்த வாசனை வந்தும் எழவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து.

விளக்கு வைக்கிற நேரத்தில் பால்ராஜ் சார் போன். "எறங்கிட்டாங்கம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மழையில வெளிய நின்னு வானத்தையே பாத்துனு இருந்தேன், போன் எடுக்க முடியல."

பாப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எனக்கு ஜுரம் போயிடும்மா, அழாத" என்றாள்.

15 அக்டோபர், சனி

தூறல். இவர் தூங்கி எழுந்து காபி குடித்ததிலிருந்து வாசலில் ஆட்கள். கதை கேட்க.

திரும்பி வரும்போது எல்லாப் பக்கமும் மூடிக்கொண்டதாம். பீக்கனுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு இருங்கள், மழை விட்டதும் இறங்கலாம் என்று டவரில் சொன்னார்களாம். சுற்றச் சுற்ற ஊசி எங்கெங்கோ காட்டியதாம். கேப்டன் மேகத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தாராம். கீழேயும் மழை.

"கீழ பாரு அருள், எதனா தெரியுதான்னு கத்துறாரு. நான் கேமராவ தள்ளி வச்சுட்டு ஓட்டையில மூஞ்சிய வச்சேன். காத்து அறையுது. ஒரே ஒரு செகண்டு மேகம் வெலகுச்சு பாரு, வெள்ள வெளேர்னு உப்புக் குவியலு! கேப்டன், நம்ம ஊரு, மரக்காணம்! அப்படின்னேன். அவ்ளோதான். நேரா கெழக்க போயி கரையப் புடிச்சு, தெக்கால திருப்பி, எறக்கிட்டாரு மனுசன்."

கைதட்டினார்கள். யாரோ, "ஊர்ல பொறந்தவனுக்குத்தான்டா ஊரு தெரியும்" என்றார். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மேனேஜர் போன் செய்தார். எனக்கு இல்லை, இவருக்கு.

எனக்குப் புரியாதது ஒன்று. பீக்கன் மேல் சுற்று என்று டவர் ஏன் சொன்னது? ஊசி இல்லை என்று பிளானிலேயே எழுதியிருக்கிறேனே.

பாப்பாவுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. தயிர்சாதம் கேட்டாள்.

17 அக்டோபர், திங்கள்

ஆபீஸ். நேராகப் போய் ஃபைலில் வெள்ளிக்கிழமைப் பிளானை எடுத்தேன். பத்தாவது கட்டத்தில் S. மேகத்துக்குள் போகிற பழைய பிளான்.

சென்னைக்கு போன். மேனேஜர் சாதாரணமாகச் சொன்னார்: "உன் ஃபேக்ஸ் வந்துச்சும்மா, மேசை மேலதான் இருக்குது. கம்ப்யூட்டர்ல பழைய பிளான் இருக்குதில்ல, எப்பவும் அதுலதான தேதி மாத்தி அனுப்புறது? அந்தப் பழக்கத்துல போயிடுச்சு."

வேண்டுமென்றே மாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்கு விரோதமாக யாரும் ஒன்றும் செய்யவில்லை. தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கேப்டனிடம் கேட்டேன். "கையில குடுத்த காப்பியில S இருந்துச்சும்மா. பாத்தேன். நீதான் மனசு மாறி வீட்டுக்காரருக்காகப் போட்டுட்ட போலன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டேன்."

"மேல போனதும் ஊசி சரியில்லன்னு டவர்ல சொல்லியிருக்கலாமே சார்?"

கொஞ்ச நேரம் தன் தொப்பியைத் துடைத்தார். "S-னு கையெழுத்து போட்டுட்டு மேல போயி இல்லன்னு சொன்னா, எறங்கினதும் லைசென்ஸ புடுங்கிடுவான். இன்னும் கொஞ்ச நாளுதான் ஓட்டப் போறேன். அது மரியாதையா முடியட்டும்னு பாத்தேம்மா."

அவரைத் திட்ட வேண்டும் என்று போனேன். திட்ட முடியவில்லை.

அப்புறம் மேனேஜர் ஸ்பீக்கரில். எல்லோரும் சுற்றி நின்றோம். மிச்சப் படத்தை வியாழக்கிழமை முடித்துவிட வேண்டுமாம். பால்ராஜ் சார் ஊசியைப் பற்றி ஆரம்பித்தார். "நம்மகிட்டதான் அருள் இருக்காரே, ஊசி எதுக்குப்பா?" என்றார் மேனேஜர். ஒரே சிரிப்பு. கேப்டன் என் பக்கம் திரும்பி, "Z போடும்மா" என்றார். பட்டியலில் இல்லாத கருவி ஏதாவது விமானத்தில் இருந்தால் Z போட்டு, அது என்ன கருவி என்று பிளான் கடைசியில் எழுத வேண்டும். "அருள்னு எழுது. மரக்காணம் தயாரிப்பு." மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது.

பிளான் சென்னையிலிருந்தே அனுப்பிவிடுவார்களாம். நான் எழுதவே வேண்டாமாம்.

18 அக்டோபர், செவ்வாய்

வானம் மூட்டம். கீரை வாங்கினேன், பூச்சி. சாயங்காலம் பாப்பா பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தாள். இவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோடு ஓரத்துக் குவியல்கள் ஓலை போர்த்தினபடி நிற்கின்றன, வெள்ளிக்கிழமை மூடியது, இன்னும் யாரும் பிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, வெள்ளிக்கிழம நீங்க வர்றதுக்கு முன்னாடியே குவியல் எல்லாத்தையும் மூடிட்டாங்களே. நான் பாத்தேன். வெள்ளையா எப்படித் தெரிஞ்சுது?"

இவர் கை தட்டிலேயே நின்றது. "ஒண்ணு ரெண்டு மூடாம இருந்திருக்கும்."

"இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல."

இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"எதுவோ வெள்ளையா இருந்துச்சு ராணி. கழுவெளித் தண்ணியா, கடல் நுரையா, மணலா, ஒண்ணும் தெரியல. கண்ணுல ஒரே மழை. அவரு கத்துறாரு, எங்கயா இருக்கோம், எங்கயா இருக்கோம்னு. அந்தாளு கத்தி நான் கேட்டதே இல்ல. எதனா சொல்லணும். நம்ம ஊருன்னு சொல்லிட்டேன்."

"தப்பா இருந்திருந்தா?"

தட்டை ஓரமாகத் தள்ளினார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தலைக்கு மேலே சத்தம் கேட்டவள் நான், எனக்குத் தெரியும். ஆனால் இவர் தெரிந்து சொல்லவில்லை.

"கேப்டன்கிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு? பாக்கல, அடிச்சுவுட்டேன்னா? ஊரே பேசுது. அந்தாளு என் தோள்ல கைபோட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு."

"அப்ப வியாழக்கிழம போவாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"நான் போவலன்னா அவருக்கு யாரு வழி சொல்லுவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலையோடு சொன்னார். "என்ன நம்பித்தான வர்றாரு அந்தாளு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாப்பா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாப்பா அப்போதுதான் உள்ளே வந்தாள். என் கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். எதற்கு என்று தெரியாமல் அவள் சிரித்தாள்.

19 அக்டோபர், புதன்

மழை விட்டு விட்டு. கரன்ட் பில் கட்டினேன். பஸ்ஸில் குடை தொலைந்தது.

O V L என்று மறுபடி ஒரு பிளான் எழுதி சென்னைக்கு அனுப்பினேன். "வந்துடுச்சும்மா" என்றார் மேனேஜர். மேசை மேல் இருக்கும்.

எம்.டி.யின் ஜி.பி.எஸ். பெட்டியையாவது கேட்கலாம் என்று பால்ராஜ் சாரிடம் சொன்னேன். கேட்டுப் பார்த்தார். எம்.டி. காரோடு கொடைக்கானலில்.

கேப்டன் அறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாவது ஒன்றாவது. கதவைத் தள்ளினேன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாம்மா. நாளைக்கு மேகமா இருந்தாலும் பரவால்ல. உன் வீட்டுக்காரரு பின்னால உக்காந்திருக்காருன்னா எனக்கு நிம்மதிதான்" என்றார்.

பாப்பா தலை கையில் இருக்கிற மாதிரியே இருந்தது. டீ வேண்டுமா சார் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

20 அக்டோபர், வியாழன்

விடிந்தும் இருட்டு. காற்று இல்லை. மழையும் இல்லை, ஆனால் வரும்.

இவர் சரியாகத் தூங்கவில்லை. அயர்ன் சட்டை, ஷூ, எலுமிச்சம் சாதம், தொட்டுக்க ஊறுகாய். பாப்பாவுக்கு முத்தம். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ராணி, நீ பிசிக்ஸ் படிச்சவதான. மேலேருந்து ஒரு செகண்டு பாக்குறேன்னு வச்சுக்க. கழுவெளித் தண்ணி எது, கடலு எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

நான் விமானத்தில் ஏறினதே இல்லை. அது இவருக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஹாரன் கேட்டது.

"அசையறது கடலு. அசையாம இருந்தா கழுவெளி" என்றேன்.

சரியா தப்பா, எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போய் பஸ் ஏறினார்.